பெட்ரோலின் பொறுமையும் ஒரு குட்டித் திருகும்

காரைக்குடி வாசகர் ஒருவரின் கடிதம். தாத்தா விட்டுப்போன அம்பாசடர் ஏற்காட்டு ஏற்றத்தில், தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் போடுகிறதாம். விலை கூடிய பெட்ரோல் போட்டால் சரியாகுமா என்று கேட்கிறார்.

சமையல் பன்னிரண்டரைக்கு முடிய வேண்டுமென்றால் என் பாட்டி பத்தரைக்கே அடுப்பு மூட்டிவிடுவாள். இன்ஜினும் அப்படித்தான். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்டுதான். பெட்ரோல் எரிந்து முடிய இரண்டு மில்லி செகண்டு ஆனாலும், அதற்குள் கிராங்க் 36 டிகிரி திரும்பிவிடும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பிளக்கில் பொறி விழுந்தாக வேண்டும்.

ரொம்ப முந்தினால் வம்பு. பிளக்கிலிருந்து தீ பரவிவருவதற்குள், தூரத்து மூலையில் நசுங்கிக் கிடக்கும் கலவை சூடு தாங்காமல் தானாகவே வெடிக்கிறது. அந்த வெடிதான் கோலிக்குண்டுச் சத்தம். இதை எவ்வளவு தூரம் பெட்ரோல் தாங்கும் என்பதற்குப் போடும் மதிப்பெண்ணே ஆக்டேன். அது பொறுமைக்கான மார்க், பலத்துக்கானது அல்ல. இது தெரியாமல் எத்தனை பேர் பங்க்கில் காசைக் கொட்டுகிறார்கள்!

ஒருகாலத்தில் இங்கே 87 ஆக்டேன் பெட்ரோல்தான் சகஜம். ஈயம் கலப்பது 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க நின்றது. பிறகு 91 வந்தது, இப்போது எத்தனால் கலந்து 95. புதிய கார்களில் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க ஒரு சென்சார் உண்டு. பழைய அம்பாசடரில் அந்தக் காது ஓட்டுநருடையது.

பொறி விழும் நேரத்தை மாற்றும் கை மட்டும் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருடையது. அதன் பக்கவாட்டில், விளிம்பில் வரிவரியாக வெட்டிய ஒரு குட்டித் திருகு இருக்கும். எனக்கு இந்த வண்டியிலேயே மிகவும் பிடித்த பொருள் அதுதான். விரலால் திருப்பினால் 'டிக், டிக்' என்று எண்ணிக்கொண்டே நகரும். 'ஏ' பக்கம் போனால் பொறி முந்தும். 'ஆர்' பக்கம் போனால் பிந்தும். ஸ்பேனர் வேண்டாம். ஊருக்கு ஊர் பெட்ரோல் மாறும் என்று தெரிந்தே ஒரு இன்ஜினியர் வைத்துவிட்டுப் போன மரியாதை அது. நம் பட்டறைகளில் அதைத் தொடுவாரில்லை. டிஸ்ட்ரிபியூட்டரையே பிடித்து ஒரு திருகு திருகி, 'ஓகே சார்' என்றுவிடுகிறார்கள்.

முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளியைச் சரிபாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானதும் டாப் கியரில், லேசான ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். ஒரு கணம் மெல்லக் கிணுகிணுத்து அடங்கினால் டைமிங் சரி. அடங்காவிட்டால் 'ஆர்' பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். சத்தமே வரக்கூடாது என்று மேலும் மேலும் பிந்த வைக்காதீர்கள். இன்ஜின் கொதிக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும், மைலேஜும் போகும். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலுக்கு எந்த டிக்கும் உதவாது. எத்தனாலால் கலவை மெலிந்து இழுவை குறைந்திருந்தால், பார்க்க வேண்டியது கார்புரேட்டர் ஜெட்டை.

திருகு நகரவில்லை என்றால் குறடு போடாதீர்கள். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். தாத்தாவுக்குப் பிறகு அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.