மருத்துவமனைக் கேமரா: எந்த இடத்தில் ஆகும், எந்த இடத்தில் ஆகாது

மருத்துவமனைக்குக் கண்காணிப்புக் கேமரா தேவைதான் என்பதைத் தஞ்சாவூர் நேரிலேயே பார்த்திருக்கிறது. 2021 அக்டோபரில் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையிலிருந்து பிறந்து சில நாளே ஆன குழந்தையைக் கட்டைப்பையில் வைத்து ஒரு பெண் தூக்கிச் சென்றார். கேமராப் பதிவைப் பிடித்துக்கொண்டு தேடிய போலீசார் பட்டுக்கோட்டையில் குழந்தையை மீட்டனர். 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் பணியிலிருந்த அரசு மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டபோது, மருத்துவர்களுக்கும் காவல் வேண்டும் என்பது எல்லோருக்கும் உறைத்தது.

அதே கேமரா 2025 பிப்ரவரியில் வேறொரு முகம் காட்டியது. குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் யூடியூபில் துண்டு துண்டாக வெளியாகி, டெலிகிராமில் விலைக்கு விற்கப்பட்டன. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களே திருடர்களுக்கு வழிவிட்டதாக விசாரணையில் தெரியவந்தது. கடவுச்சொல் இரண்டாவது தவறு. பரிசோதனை அறையில் கேமராவை மாட்டியது முதல் தவறு.

வாசல், வரவேற்பு, பணம் கட்டும் இடம், மருந்துக்கடை, நடைகூடம், பச்சிளங்குழந்தை வார்டின் வெளிக்கதவு ஆகியவை கேமராவுக்கான இடங்கள். பரிசோதனை அறை, ஸ்கேன், ஈசிஜி, பிரசவ அறை, ஊசி போடும் கட்டில், உடை மாற்றும் இடம், கழிவறை ஆகிய எதிலும் கூடாது. காவிரி டெல்டாவின் சிற்றூர்களில் பல கிளினிக்குகள் வீட்டின் முன்னறையில் நடக்கின்றன. மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு திரைதான் இருக்கும். மேசையைப் பார்க்க மாட்டிய கேமராவில் கட்டிலும் விழும். கேமராவைத் திருப்பி வைக்கலாம். திருப்ப முடியாவிட்டால் படத்தின் அந்தப் பகுதியை மட்டும் மறைக்கும் வசதி இப்போதைய பெரும்பாலான கருவிகளில் உண்டு. வீண்பழி வராமலிருக்கவே அறைக்குள் கேமரா என்று சில மருத்துவர்கள் சொல்வார்கள். அதற்குப் பெண் உதவியாளர் ஒருவரை உடன் நிறுத்துவதே முறை.

மாட்டியவர் வைத்துவிட்டுப் போன கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது, வேலையை விட்டுப் போன கம்பவுண்டரின் கைப்பேசியில் செயலி ஓடிக்கொண்டே இருப்பது, எல்லாக் கேமராக் காட்சியும் வரவேற்பறைத் திரையில் ஓடுவது, நோயாளி சொல்லும் நோயையும் மைக் பதிவுசெய்வது எல்லாம் பணச்செலவில்லாமல் ஒரே நாளில் சரிசெய்யக்கூடியவை. செய்யாமலிருப்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் கிடையாது.

பெண்ணின் அந்தரங்க நிலையை ஒளிந்து பார்ப்பதும் படம்பிடிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. ஆண் பெண் எவரானாலும், அந்தரங்க உறுப்பை ஒப்புதலின்றிப் படமெடுப்பது, பரப்புவது இரண்டுக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர மேலும் 18 மாத அவகாசம் தரப்பட்டது. அதுவரை கைகட்டி நிற்கத் தேவையில்லை. மேற்சொன்ன இரண்டு பிரிவுகளும் நடைமுறையில்தான் இருக்கின்றன.

பரிசோதனை அறையில் கேமரா தென்பட்டால், படுப்பதற்கு முன்பே அதை மூடச் சொல்லலாம். மறுத்தால் எழுந்து வந்துவிடலாம். பலர் தவறு செய்வது இதற்குப் பிறகுதான். கூச்சலிட்டு, கேமராவை உடைத்து, உறவினரைக் கூட்டி வருவார்கள். வழக்கு அவர்கள் மீதே திரும்பும், பதிவும் அழிந்துபோகும். முதலில் வேண்டியது ஒரு பக்கக் கடிதம். தேதி, நேரம், அறை, கேமரா இருந்த இடம் ஆகியவற்றை எழுதி, காட்சியை யார் யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்குமாறு கோர வேண்டும். நகலில் முத்திரையும் கையொப்பமும் வாங்க வேண்டும். தர மறுத்தால் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பலாம். பதிவுக்கருவி பெரும்பாலும் 15 அல்லது 30 நாளில் பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும். அரசு மருத்துவமனையில் 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஆனால் பதில் தர 30 நாள் அவகாசம் இருப்பதால், அழிக்காதீர்கள் என்ற கடிதம் முதலில் போக வேண்டும்.

தனியார் கிளினிக் மீதான புகார் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் போக வேண்டும். 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு பெறுவது அங்கேதான். மருத்துவரின் நடத்தை பற்றியது என்றால் சென்னையிலுள்ள தமிழ்நாடு மருத்துவ மன்றம். மாவட்ட ஆட்சியரின் மனுநாளில் கொடுத்த மனுவும் கடைசியில் இந்த மேசைகளுக்கே அனுப்பப்படும். நேரே கொடுத்தால் அலைச்சல் குறையும்.

காட்சி வெளியே போயிருந்தால் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையம். எங்கள் எல்லை இல்லை என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அதற்கு இடம் தரவில்லை. வாங்க மறுத்தால் அதே பிரிவின்படி காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமலும் பதியலாம். இணைப்பு, கணக்கின் பெயர், தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் போதும். வீடியோவை ஆதாரம் என்று வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பக் கூடாது. உறவினருக்கும் கூடாது, நிருபருக்கும் கூடாது. அனுப்பினால் அதுவும் பரப்பிய குற்றமே. மனு எழுதத் தெரியாத பெண்களுக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தரும்; சட்ட உதவிக்கான தேசியத் தொலைபேசி எண் 15100.