பூசணிப் பூவின் நாலு மணி நேரம்

பூசணிக் கொடியில் நாளை விரியப்போகும் மொட்டை இன்று சாயங்காலமே அடையாளம் கண்டுவிடலாம். நேற்றுவரை பச்சையாக இருந்த நுனியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். பொழுது புலரும்போது அது விரியும். பத்து மணி வெயில் ஏறுவதற்குள் இதழ்கள் துவண்டு மூடிக்கொள்ளும். மறுநாள் அந்தப் பூ திறக்காது. பெண் பூவாக இருந்தால், காயாவதா உதிர்வதா என்பது அந்த ஒரே காலையில், ஏறக்குறைய நாலு மணி நேரத்துக்குள் முடிவாகிவிடுகிறது.

திருத்தணிப் பக்கம் கே.ஜி.கண்டிகையில் வீட்டை ஒட்டிய ஒரு சென்ட் நிலத்தில் பூசணி போட நினைக்கும் ஒருவர் எந்த நாளில் விதைப்பது? அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். அக்டோபர் கடைசியில் பூசணிக்காயை வைத்துக் கொண்டாடும் ஹாலோவீன் பண்டிகை. அதற்குள் காய் பழுத்தாக வேண்டும், உறைபனி விழுவதற்குள் அறுத்தாக வேண்டும். ஆகவே மே கடைசியிலோ ஜூனிலோ விதை. நமக்கு உறைபனி கிடையாது. கொடியை எந்த மாதத்திலும் வளர்த்துவிடலாம். காய் பிடிப்பதில்தான் சிக்கல். அதனால் நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது பெண் பூக்கள் விரியும் இரண்டு மூன்று வாரங்கள் எந்த மாதத்தில் விழும் என்பதை. அறுவடைக் கணக்கு அதற்குப் பிறகு.

ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வரும். ஆண் பூ நீண்ட, மெல்லிய காம்பின் மேல் நிற்கும். பெண் பூவின் காம்பு குட்டை. பூவுக்கு அடியிலேயே கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு உட்கார்ந்திருக்கும். விதைத்து நாற்பது நாள் வாக்கில் முதலில் வருபவை ஆண் பூக்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் பெண் பூ தலைகாட்டும். புதிதாகத் தோட்டம் போட்டவர்கள் இந்த இடைவெளியில் மனம் நொந்துபோவார்கள்: பூவாகப் பூக்கிறது, ஒன்றுகூடக் காயாகவில்லையே என்று. கொடியில் ஒரு குறையும் இல்லை.

எத்தனை ஆண் பூ, எத்தனை பெண் பூ என்பதை விதை மட்டும் தீர்மானிப்பதில்லை. பருவமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. நீண்ட பகலும் கடும் வெப்பமும் ஆண் பூக்களைக் கூட்டும். குறுகிய பகலும் குளிர்ந்த இரவும் பெண் பூக்களைக் கூட்டும். செடிக்குள்ளே இதை நடத்தும் வேதிப்பொருட்களில் முக்கியமானது எத்திலீன், மாம்பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயு. எத்திலீன் கூடினால் பெண் பூ கூடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி எத்ரல் கலந்து, விதைத்த 10 முதல் 15 நாளிலிருந்து வாரம் ஒருமுறையாக நான்கு முறை தெளிக்கச் சொல்வது இதனால்தான். எத்ரல் செடிக்குள் போய் எத்திலீனை விடுவிக்கிறது. ஒரு சென்ட் தோட்டத்துக்கு இது வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பருவத்தைச் சரியாகப் பிடித்தால் செடியே பார்த்துக்கொள்ளும்.

திருத்தணியின் பகல் நீளம் பெரிதாக மாறாது. ஜூனின் மிக நீண்ட பகலுக்கும் டிசம்பரின் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். இல்லினாயில் அது ஐந்து மணி நேரத்தைத் தாண்டும். ஆகவே இங்கே வெப்பத்தைத்தான் கவனிக்க வேண்டும். கோடையில் தமிழ்நாட்டின் வெப்பப் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரும். 40 டிகிரி இங்கே சாதாரணம். அந்த வெயிலில் ஆண் பூக்கள் குவியும், மகரந்தம் வீரியம் இழக்கும், பிஞ்சு மஞ்சளாகி உதிரும். சித்திரை, வைகாசியில் பூ விரியும்படி விதைக்கவே கூடாது.

மறுபக்கம் மழை. ஆவணி, புரட்டாசியில் இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் சாயங்காலமோ இரவோ இடி மின்னலோடு பெய்து ஓயும். காலையில் வானம் வெளுத்துவிடும். வடகிழக்குப் பருவமழை அப்படியல்ல. கடலிலிருந்து வரும் அந்த மழைக்கு நேரம் காலம் இல்லை, விடியற்காலையிலும் கொட்டும். பூ விரியும் அதே நேரத்தில் மழை அடித்தால் மகரந்தம் நனைந்து கெடும், தேனீயும் வெளியே வராது. இரண்டும் மழைதான், ஆனால் ஒன்று பூவுக்கு வழிவிடுகிறது, மற்றது அதன் நாலு மணி நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது. ஒரு நாளில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று மட்டும் பார்க்கும் நாம், எந்த மணிக்குப் பெய்தது என்றும் பார்க்கப் பழக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். பல்கலைக்கழகம் பூசணிக்குச் சொல்லும் பட்டங்கள் இரண்டு: ஜூன்–ஜூலை, டிசம்பர்–ஜனவரி. முதல் பட்டத்தில், கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கையில் இருப்பவர்கள் ஆடி வரை காத்திருக்காமல் ஆனி பிறந்ததுமே விதைத்துவிடலாம். ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடிகள் திருத்தணி மலையேறும் நாட்களை ஒட்டி முதல் ஆண் பூக்கள் வந்துவிடும். பெண் பூக்கள் ஆடிப் பிற்பாதியிலும் ஆவணியிலும். புரட்டாசியில் முதல் காய்கள் முற்றும், ஐப்பசி நடுவுக்குள் கொடி வேலையை முடித்துவிடும். ஆடிக் கடைசியில் விதைத்தால் இதே கணக்கு இரண்டு மாதம் தள்ளிப்போய், காய் ஈரத் தரையில் கிடந்து அழுகும்.

ரகத்தையும் இந்தக் கணக்குக்குள் அடங்குவதாகப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து வந்த கோ 1 ரகத்தின் காய் ஏழு எட்டு கிலோ, வயது 175 நாள். கோ 2 ஒன்றரை முதல் இரண்டு கிலோ, 135 நாள். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா சூர்யமுகியும் சிறிய காய்தான். சின்னத் தோட்டத்துக்குச் சின்னக் காய் போதும். அறுத்தால் ஒரு குடும்பம் இரண்டு நாளில் தீர்த்துவிடும்.

இரண்டு மீட்டருக்கு ஒரு குழி என்று எடுத்தால் ஒரு சென்ட்டில் பத்துக் குழி. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஓரடி. குழிக்குப் பத்துக் கிலோ மக்கிய தொழு உரம். ஐந்து விதை ஊன்றி, பதினைந்து நாளில் நல்ல இரண்டை விட்டு மற்றவற்றைக் களைந்துவிடலாம்.

விதையைப் படுக்கையாக வைக்க வேண்டும். காரணம் ஓர் அதிசயம். முளை வந்து இரண்டு மூன்று நாளில் ஒரு விதையை மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். வேரும் தண்டும் சேரும் வளைவின் உட்பக்கத்தில் சிறு ஆப்பு போன்ற ஒரு மேடு தெரியும். அது விதையோட்டின் கீழ்ப் பாதியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, தண்டு மேலே நிமிர்ந்து மேல் பாதியைத் திறக்கிறது. விதையிலைகள் ஓட்டைக் கழற்றிவிட்டு வெளியே வருகின்றன. சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் 1880இல் வெளியிட்ட, தாவரங்களின் அசைவு பற்றிய நூலில் இதை விவரித்திருக்கிறார்கள். கீழ்ப்பக்கம் எது என்று அந்த முளைக்கு எப்படித் தெரிகிறது? 1998இல் டிஸ்கவரி விண்கலத்தில் ஜப்பானிய விஞ்ஞானிகள் பூசணிக்கு உறவான வெள்ளரியின் விதைகளை முளைக்க வைத்துப் பார்த்தார்கள். எடையில்லாத அந்த வெளியில் ஆப்பு ஒரு பக்கத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் வளர்ந்தது. அதாவது இரண்டு பக்கமும் ஆப்பு விடும் திறன் முளைக்கு இயல்பாகவே உண்டு. பூமியின் ஈர்ப்பு மேல்பக்கத்து ஆப்பைத் தடுத்து வைக்கிறது. செங்குத்தாகச் செருகிய விதைக்கு இந்த உதவி சரியாகக் கிடைக்காது. தலையில் ஓட்டை மாட்டிக்கொண்டு எழும் நாற்றுகள் பல அப்படி வந்தவை.

விதையிலை விரிந்ததும் வருவது செவ்வண்டு. இலையைச் சல்லடையாக்கும். பூசணிக் குடும்பத்தின் கசப்புப் பொருள் மற்றப் பூச்சிகளை விரட்டும், இந்த வண்டையோ அழைக்கும். காலைப் பனி ஈரம் இருக்கும்போது அடுப்புச் சாம்பல் தூவுவது பழைய வழி. கந்தகத் தூள் மட்டும் வேண்டாம். இந்தக் குடும்பத்துச் செடிகளின் இலை கருகும்.

அந்தக் கசப்புக்கு நீண்ட கதை உண்டு. பூசணிக் குடும்பத்தின் இந்தக் கிளை அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. மெக்சிகோவின் ஓஹாகா பகுதிக் குகை ஒன்றில் இதன் உடன்பிறப்பு இனத்தின் விதைகள் சுமார் 10,000 ஆண்டு வயதில் கிடைத்திருக்கின்றன. அதற்கும் முன்னால் காட்டுப் பூசணி கைக்குள் அடங்கும் அளவில், வாயில் வைக்க முடியாத கசப்போடு இருந்தது. எலி போன்ற சிறு பிராணிகளுக்கு அந்தக் கசப்பு உறைக்கும். யானையின் தூரத்து உறவான மாஸ்டோடான் அதைப் பொருட்படுத்தாமல் தின்று விதையைச் சாணத்தோடு பரப்பியது. ஃபுளோரிடாவில் கிடைத்த மாஸ்டோடான் சாணத்தில் அந்த விதைகள் இருக்கின்றன. அந்தப் பெரிய மிருகங்கள் அழிந்தபின் விதை பரப்ப ஆளில்லாமல் நின்ற செடியை மனிதன் கையிலெடுத்தான். கசப்புக் குறைந்த காயாகப் பார்த்துப் பார்த்து அவன் எடுத்து வைத்த விதைகளின் பேரக்குழந்தைகள்தான் இன்று நாம் ஊன்றும் விதைகள். போர்ச்சுகீசியர் வந்த பிறகு அவை நம் கரைக்கு வந்தன.

வந்தபோது பூசணியின் தேனீ உடன் வரவில்லை. அமெரிக்காவில் பூசணிப் பூவுக்கென்றே ஒரு தேனீ இருக்கிறது. கொடிக்கு அடியில் மண்ணில் கூடு தோண்டும். அதன் ஆண்கள் மூடிய பூவுக்குள்ளேயே உறங்கும். பூசணி மகரந்தம் 0.1 மில்லிமீட்டருக்கும் பெரிது, பிசுபிசுப்பானது, மேலெல்லாம் முள். காற்று தூக்காது, யாராவது சுமக்க வேண்டும். இங்கே அந்த வேலையை நம் நாட்டுத் தேனீயும் மலைத்தேனீயும் கரிய தச்சுத் தேனீயும் ஏற்றுக்கொண்டன. ஒரு விதைக்கு ஒரு மகரந்தத் துகள் என்று, நூற்றுக்கணக்கான விதைகளுக்குத் தேனீ ஒரே காலையில் பல தடவை வர வேண்டும். வருகை குறைந்தால் காய் கோணலாகும், அல்லது பிஞ்சிலேயே வெம்பும். பூக்கும் வாரங்களில் பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பது பூசணிக்கு நாம் செய்யும் பெரிய உதவி. தேனீ தென்படாவிட்டால் எட்டு மணிக்குள் ஓர் ஆண் பூவைக் கிள்ளி, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் உள்ள மடல்களில் எல்லாப் பக்கமும் தடவுங்கள். மார்கழிக் கோலத்துச் சாணி உருண்டையில் வைப்பதற்கும் ஆண் பூவைக் கிள்ளினால் காய் ஒன்றும் குறையாது.

இரண்டு மூன்று காய் திரண்டுவிட்டால் கொடி புதிய பெண் பூக்களைக் குறைத்துக்கொள்ளும், வந்ததையும் உதிர்க்கும். இருக்கும் காயின் விதைகளை முற்ற வைப்பதே அதற்கு முதல் கடமை. சமையலுக்கு ஓர் இளங்காயை அறுத்தால் மறுபடி பூக்கத் தொடங்கும்.

காம்பு காய்ந்து தக்கைபோல் ஆகி, தோலில் நகம் இறங்காமல், தரையில் படிந்திருந்த பக்கம் சந்தன நிறமாக மாறினால் அறுக்கலாம். நான்கு விரல் காம்போடு அறுங்கள். காம்பு ஒடிந்த காயில் அந்த வழியாகத்தான் அழுகல் நுழையும். காற்றோட்டமான நிழலில் பத்து நாள் கிடந்தால் சிறு கீறல்கள் தாமாகவே தக்கை பிடித்து மூடும். அதற்குள் சதையிலுள்ள மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறிக்கொண்டிருக்கும். அறுத்த அன்றைவிட ஒரு மாதம் கழித்து வெட்டும் காய் இனிப்பாக இருப்பது அதனால்தான். ஐப்பசியில் அறுத்து, ஈரம் படாத பரண் மேல் ஒன்றோடொன்று உரசாமல் வைத்த காய் பொங்கல் கூட்டுக்குத் தாராளமாக வரும்.