பக்கம் தெரிகிறது, ஆனால் வேலை செய்யவில்லை: ஏன்?

முல்லைத்தீவுக் கிராமங்களில் கைபேசியில் செய்தி வாசிப்பவர்களுக்கு இது பழகிப்போன விடயம். தலைப்பும் முதல் பந்தியும் தெரியும். ஆனால் மெனுவை எத்தனை தரம் அழுத்தினாலும் அசையாது. ‘சிக்னல் இல்லை’ என்று மூடிவிடுவோம். பல வேளைகளில் குற்றம் சிக்னலில் மட்டும் இல்லை. பக்கத்தை உருவாக்கியவர் எந்தக் கணத்துக்காகக் காத்திருக்கச் சொன்னார் என்பதிலும் இருக்கிறது.

பக்கமொன்று திறக்கும்போது உலாவி இரண்டு முக்கிய அறிவிப்புகளை விடுகிறது. பக்கத்தின் எச்.ரி.எம்.எல். முழுவதையும் வாசித்து முடித்ததும் வருவது ‘டொம்கொன்டென்ட்லோடட்’. படங்கள், பாணிக் கோப்புகள், உள்ளே பதித்த பிற பக்கங்கள் எல்லாம் இறங்கிய பின்னர் வருவது ‘லோட்’. மெனுவை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டாவதற்காகக் காத்திருந்தால், மே 18 நினைவேந்தல் செய்தியிலுள்ள 30 படங்களும் இறங்கும்வரை மெனு இயங்காது. கொழும்பில் வேகமான இணைப்பில் சோதித்தவருக்கு இது கண்ணில் படாது.

ஏன் இப்படி எழுதினார்கள்? மைக்ரோசொப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், 2011இல் வந்த 9ஆம் பதிப்புக்கு முன்னர், முதல் அறிவிப்பை அறிந்திருக்கவில்லை. நிகழ்வுகளைப் பதிவுசெய்ய மற்ற உலாவிகள் ‘அட்இவென்ட்லிசனர்’ என்றால் அது ‘அட்டாச்இவென்ட்’ என்றது. எல்லா உலாவிகளுக்கும் பொதுவாக இருந்தது ‘விண்டோ.ஒன்லோட்’. 2006இல் வந்த ஜேகுவெரி இந்த வேறுபாடுகளை ‘ரெடி’ என்ற ஒரே சொல்லுக்குள் மறைத்தது. 2022 ஜூனில் எக்ஸ்ப்ளோரர் ஓய்வுபெற்றது. பிரதியெடுத்து ஒட்டப்பட்ட பழைய வரிகள் ஓய்வுபெறவில்லை. ‘ஒன்லோட்’டுக்கு இரண்டு இடங்களில் மதிப்புக் கொடுத்தால் பின்னையது முன்னையதை அழித்துவிடும் என்ற சிக்கலும் உண்டு. விளம்பர நிரலொன்றே மெனுவை முடக்கப் போதும்.

திருத்தம் பெரிதல்ல. ‘அட்இவென்ட்லிசனர்’ மூலம் முதல் அறிவிப்பைக் கேட்க வேண்டும். ஆனால் நிரலே பிந்தி வந்தால், ஏ9 வீதியில் பஸ் போன பிறகு தரிப்பிடத்தில் நிற்பது போலாகும். அந்த அறிவிப்பு மறுபடி வராது. ஆகவே முதலில் ‘டொகியுமென்ட்.ரெடிஸ்டேட்’ என்னவென்று பார்க்க வேண்டும். அது ‘லோடிங்’ என்றிருந்தால் காத்திருக்கலாம். இல்லையென்றால் உடனே வேலையைத் தொடங்கலாம். வெளிக் கோப்பாக உள்ள நிரலுக்கு ‘டிபர்’ என்ற பண்பைச் சேர்த்தாலும் பக்கத்தை வாசித்து முடித்த பின்னரே அது ஓடும்.

இன்னும் இரண்டு கவனங்கள். பின்செல்லும் பொத்தானை அழுத்தும்போது இன்றைய உலாவிகள் பக்கத்தை நினைவகத்திலிருந்து அப்படியே எடுத்துக் காட்டுவதுண்டு. அப்போது இரண்டு அறிவிப்புகளும் வராது. ‘பேஜ்ஷோ’ மட்டுமே வரும். மாறிக்கொண்டிருக்கும் தகவலைப் புதுப்பிக்க அதைப் பயன்படுத்த வேண்டும். ஒபேரா மினியோ, அதிகம் சுருக்கும் முறையில், நிரலைத் தன் சேர்வரிலேயே சிறிது நேரம் மட்டும் ஓட்டுகிறது. எனவே செய்தியின் உடல் எச்.ரி.எம்.எல்.இலேயே இருக்க வேண்டும்.

காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி எழுதும் எனக்கு இது வெறும் தொழில்நுட்ப விடயமல்ல. கேப்பாப்புலவு மக்களைப் பற்றிய செய்தி கேப்பாப்புலவில் திறக்க வேண்டும்.

தளம் நடத்துபவர்கள் குரோமின் டெவலப்பர் டூல்ஸில் ‘நெட்வேர்க்’ பகுதிக்குச் சென்று, வேகத்தைக் குறைத்துத் தம் பக்கத்தைத் திறந்து பார்க்கட்டும். நீலக் கோடு முதல் அறிவிப்பு, சிவப்புக் கோடு இரண்டாவது. பக்கம் ‘லோட்’டுக்காகக் காத்திருந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் உங்கள் வாசகர் வீணாகக் காத்திருக்கும் நேரம்.