பள்ளிக்கூடத்து மொழி – 9: கோரிமேட்டுக்கு இந்தப் பக்கம்

சென்ற வாரம் பார்த்த, பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் கோரிமேடு வரைக்கும்தான் செல்லும். அதற்கு இந்தப் பக்கம் புதுச்சேரி. வீட்டில் பேசுவது அதே தமிழ், பள்ளிக்கூடத்து விதி மட்டும் வேறு.

இந்தியாவோடு இணைந்த பிறகு இந்த யூனியன் பிரதேசம் தனக்கென்று ஒரு தேர்வு வாரியம் வைத்துக்கொள்ளவில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாஹே கேரளம், ஏனாம் ஆந்திரம் என்று பிரித்துக்கொண்டது. 1987இல் பள்ளிக் கல்விச் சட்டம் வந்தது. ஆனாலும் பத்தாம் வகுப்பு வினாத்தாள் பக்கத்து மாநிலத்திலிருந்தே வந்தது.

மொழி விஷயத்தில் மேலிருந்து உத்தரவு வருவது பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்தே இந்த ஊருக்குப் பழகியதுதான். விக்தோர் சிமோனெல் வீதியில் இருக்கும் பிரெஞ்சு லிசே 1826இல் தொடங்கியது. மிஷன் வீதியின் கல்வே கல்லூரி 1877இல் வந்தது. பாரதிதாசன் 1909 முதல் 1946 வரை தமிழாசிரியராகச் சம்பளம் வாங்கியது பிரெஞ்சு அரசிடம். இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட 1956 ஒப்பந்தத்தின் 28ஆம் பிரிவு, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்றது. 1965இல் ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கு இடம் கொடுத்தது. மாஹேயில் மலையாளமும் ஏனாமில் தெலுங்கும் அதில் உண்டு.

இனி 2023க்கு வருவோம். தொடக்கப் பள்ளிகளுக்கு முன்பே வந்துவிட்ட சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 9 வரையிலும் ப்ளஸ் ஒன்னிலும் ஒரே மூச்சில் நுழைந்தது. 2025இல் பத்தும் ப்ளஸ் டூவும் முதன்முறையாக அந்த வாரியத் தேர்வை எழுதின.

2023இல் பத்தாம் வகுப்பைத் தமிழ் மீடியத்தில் முடித்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியல், கணக்கு, வரலாறு எல்லாம் தமிழில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். ஜூன் மாதம் அதே தெருவில் இருக்கும் அரசுப் பள்ளியில் ப்ளஸ் ஒன் சேர்கிறாள். இயற்பியல் புத்தகம் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஆங்கிலப் புத்தகம். இரண்டு வருஷத்தில் அவள் எழுதப்போகும் தேர்வுக்கு ஆங்கிலம் அல்லது இந்தி. உந்தம், முடுக்கம் எல்லாம் அவளுக்குத் தெரியும்; வினாத்தாளில் கேட்டிருப்பது அதைத்தான் என்பது தெரியாது. இந்தத் தூரத்தைக் கடக்க வைக்க வேண்டியது யார் பொறுப்பு? வகுப்பில் நிற்கும் ஆசிரியர் ஆங்கில வாக்கியத்தை வாசித்துவிட்டுத் தமிழில் விளக்குகிறார். நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் நடக்கிற வழக்கம் இது, நல்ல வழக்கமும்கூட. ஆனால் அது ஆசிரியரின் நல்ல மனசைப் பொறுத்தது.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெற்றோர் கேட்டார்கள், அரசு கொடுத்தது. கடன் வாங்கித் தனியார் பள்ளிக்குக் கட்டும் வீடுகளைப் பார்த்தால் கேட்டதில் நியாயமும் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த ‘இயன்றவரை’க்குள் ஒரு யானை புகுந்து போகலாம். அரசமைப்பின் 350ஏ பிரிவு தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி கேட்கிறது, ஆனால் மொழிச் சிறுபான்மையினருக்கு. புதுச்சேரியில் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை அதைக் காட்டி வாதாடலாம். தமிழ்ப் பிள்ளை பெரும்பான்மை, அவளுக்கு வழியில்லை. தாய்மொழிவழியைப் பள்ளிகள் மீது அரசு திணிக்க முடியாது என்று கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. இவை எல்லாம் எந்த மொழியில் கற்பிப்பது என்பதைப் பற்றியே. அந்த மொழி தெரியாதவளை என்ன செய்வது என்று எதுவும் பேசவில்லை.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியது. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளிப் பிள்ளைகள் தொடுத்த ‘லாவ் எதிர் நிக்கல்ஸ்’ வழக்கில், ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே வகுப்பறை கொடுத்துவிட்டால் சமம் ஆகிவிடாது என்று 1974இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 1981இல் டெக்சஸ் வழக்கொன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளை வைத்தது: திட்டத்துக்குக் கல்வியியல் அடிப்படை உண்டா, அதை நடத்த ஆளும் பொருளும் தந்தீர்களா, பிள்ளைகள் உண்மையிலேயே தேறினார்களா? அதன் பின் மாநில விதிகள் இறுகின. பள்ளியில் சேர்க்கும்போதே வீட்டில் என்ன மொழி என்று கேட்கிறார்கள். ஆண்டுதோறும் ஆங்கிலத் திறனைச் சோதிக்கிறார்கள். தேறும்வரை தனி உதவி. அங்கேயும் காகிதத்தில் இருப்பதெல்லாம் வகுப்பறையில் நடப்பதில்லை. ஆனால் நடக்காதபோது வழக்குப் போட ஒரு விதி கையில் இருக்கிறது.

புதுச்சேரிப் பள்ளிக் கல்வி விதிகள் 1996இல் எழுதப்பட்டவை. இப்படியொரு திருத்தம் கொண்டுவரச் சட்டமன்றமும் கல்வித் துறையும் உள்ளூரிலேயே இருக்கின்றன. அதில் வேண்டியவை மூன்று: ப்ளஸ் ஒன் சேரும்போது ஒரு மொழித் திறன் சோதனை, முதல் ஆறு மாதம் பாடங்களுக்கான ஆங்கிலம் கற்பிக்கத் தனி ஆசிரியர், இரண்டு மொழியிலும் கலைச்சொல் தரும் கையேடு. பாடத்திட்டத்தை மாற்றிய செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையாக இருக்காது என்பது என் கணிப்பு.

அடுத்த வாரம் ஏனாம். அங்கே இதே மாற்றம் தெலுங்குப் பிள்ளைகளுக்கு.