ரிவர்ஸ்டன்: தாழப் பார்த்தால் தெரியும் பறவை

ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டனுக்கு ஏறும் வாகனங்கள் பெரும்பாலும் தொலைத்தொடர்புக் கோபுரத்தையும் 'சின்ன உலக முடிவு' என்னும் மலை விளிம்பையும் நோக்கியே ஓடுகின்றன. பறவை பார்க்க வருகிறவருக்கு உச்சியில் அவ்வளவு வேலையில்லை. ஆளைத் தள்ளும் காற்றில் குருவிகள் வெளியே வருவதில்லை. விடிந்ததும் கோபுரத்துக்குக் கீழே, காடு சாலையை நெருக்கும் வளைவுகளில் நிற்பதே மேல்.

"டவருக்குப் போகலையா ஐயா? இங்க ஒண்ணுமே இல்லையே" என்றார் ஓட்டோ ஓட்டிவந்த தம்பி. அவர் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி ஒன்று கிளையில் வந்து அமர்ந்தது. பிறகு நீல ஈப்பிடிப்பான், இலங்கை வெள்ளைக்கண்ணிக் கூட்டம். மூன்றும் இலங்கையில் மட்டுமே வாழ்பவை.

கழுத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட இலங்கைக் காட்டுப்புறாவுக்குத்தான் பொறுமை வேண்டும். அதன் அறிவியல் பெயரில் ஆளுநர் டொரிங்டனின் மனைவி இருக்கிறார். 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை இராணுவச் சட்டம் போட்டு நசுக்கிய அதே டொரிங்டன். புறாவுக்கு அது தெரியாது, நல்லவேளை.

உண்மையில் அரியது, இலங்கைச் சீகாரப் பூங்குருவி. தோளில் நீலம் மின்னும் கருங்குருவி. ஓடையோர இருட்டில், தரையை ஒட்டி இரை தேடும். ரிவர்ஸ்டன் அடங்கிய நக்கிள்ஸ் மலையில் அதன் வீட்டைக் குலைத்ததில் ஏலக்காய்க்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஏலம் நிழல் கேட்கும் பயிர். எனவே பெரிய மரங்களை விட்டுவிட்டு அடிக்காட்டை மட்டும் வெட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காடு காடாகவே இருக்கும். தரைக் குருவிக்கு ஒதுங்க இடமிருக்காது. 2000இல் நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமானது. 2010இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. கைவிடப்பட்ட ஏலத் தூறுகளை இன்னும் காட்டுக்குள் காணலாம்.

இப்போது வேறொரு தொல்லை. கைபேசியில் பூங்குருவியின் சீட்டியை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கிறார்கள். வேறொரு குருவி தன் எல்லைக்குள் புகுந்துவிட்டதாக எண்ணி அது பதறி ஓடிவரும். குஞ்சுக்கு இரை தேடும் நேரம் அதில் போய்விடும். ஓடைக்கரையில் அரைமணி நேரம் சும்மா நிற்க முடியாதவர்கள் அதே சாலையில் பிட்டவல பத்தனைக்கு இறங்கலாம். அங்கே மழை குறைவு, புல்வெளி திறந்து கிடக்கிறது, பறவைகளும் வேறு. எதையும் கூப்பிட்டு அழைக்கத் தேவையில்லை.