நெருப்பில் பிறந்த கத்தரிக்கோல்!

சினிமாவுக்குத் தணிக்கை ஏன் வந்தது?

"கெட்ட காட்சிகளை வெட்டுவதற்காக" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால், இங்கிலாந்தில் தணிக்கைக்கு வழி திறந்தது கெட்ட காட்சி அல்ல. நெருப்பு!

அந்தக் காலத்துப் பிலிம் "நைட்ரேட்" என்ற பொருளால் ஆனது. ஒரு பொறி பட்டால் போதும். குபீர் என்று பற்றிக்கொள்ளும். தண்ணீரில் முக்கினாலும் அணையாது.

பாரீஸ் பயங்கரம்

1897-ம் ஆண்டு மே மாதம் 4-ந்தேதி. பாரீஸ் நகரில் ஏழைகளுக்கு நிதி திரட்ட ஒரு சந்தை நடந்தது. அங்கே சினிமாவும் காட்டினார்கள். படக்கருவியின் விளக்கு "ஈதர்" என்ற திரவத்தால் எரிவது. அதன் ஆவி பரவியிருந்தபோது, ஒரு தீக்குச்சியைக் கிழித்தார்கள். அவ்வளவுதான்! 126 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்கள்.

சினிமா என்றாலே தீ என்ற பயம் ஜனங்களுக்கு வந்தது.

1909-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் செய்தார்கள். லைசென்சு இல்லாமல் படம் காட்டக்கூடாது. படக்கருவிக்குத் தீப்பிடிக்காத தனி அறை வேண்டும். இதுதான் சட்டம். படத்தின் கதையைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

ஆனால், லைசென்சு கொடுக்கிறவர் கையில் அதிகாரம் வந்துவிட்டது அல்லவா? "ஞாயிற்றுக்கிழமை படம் காட்டக்கூடாது" என்று லண்டன் நகர நிர்வாகம் நிபந்தனை போட்டது. அது செல்லும் என்று கோர்ட்டு சொன்னது. பிறகு, "இந்தப் படமே கூடாது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

ஊருக்கு ஒரு கட்டளை என்றால் தொழில் நடக்குமா? படத் தொழில் செய்பவர்களே 1912-ல் ஒரு தணிக்கைக் குழுவை அமைத்துக்கொண்டார்கள்!

இந்தியாவில் வெள்ளைக்கார அரசாங்கம் இரண்டையும் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. 1918-ம் ஆண்டுச் சட்டம் தீயிலிருந்து காப்பதற்கும்தான். படத்தைத் தணிக்கை செய்வதற்கும்தான்.

1950-களில் எளிதில் தீப்பற்றாத பிலிம் வழக்கத்துக்கு வந்தது. நெருப்புப் பயம் போயிற்று. கத்தரிக்கோல் மட்டும் போகவில்லை!

வெட்டியதால் விபரீதம்

பயத்தைப் போக்கத்தானே வெட்டுகிறார்கள்? வெட்டியதால் பயம் வளர்ந்த கதையும் உண்டு.

1931-ல் அமெரிக்காவில் "பிராங்கன்ஸ்டீன்" என்ற படம் வந்தது. அதில் ஒரு பூதமும் சிறுமியும் ஏரியில் பூக்களைப் போட்டு விளையாடுகிறார்கள். பூ தீர்ந்துவிடுகிறது. சிறுமியும் பூவைப்போல மிதப்பாள் என்று எண்ணி, பூதம் அவளைத் தண்ணீரில் போட்டுவிடுகிறது. பாவம், அவள் மூழ்கிவிடுகிறாள்.

தணிக்கைக்காரர்கள் இதை வெட்டினார்கள். பூதம் சிறுமியை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி நின்றது. பிறகு, தகப்பன் அவள் பிணத்தைச் சுமந்து வருகிறான். நடுவில் என்ன நடந்தது? பார்த்தவர்கள் இன்னும் கொடூரமாக எண்ணிக்கொண்டார்கள்! 1980-களில்தான் அந்தத் துண்டு மீண்டும் படத்தில் சேர்ந்தது.

வீட்டுக்குள் வந்த படம்

அதே 1980-களில் வீடியோ பரவியது. கொட்டகை வாசலில் சிறுவனைத் தடுக்கலாம். வீட்டுக் கூடத்தில் யார் தடுப்பது? இங்கிலாந்துப் பெற்றோர் கலங்கினார்கள். போலீசார் கடைகளில் புகுந்து கேசட்டுகளை அள்ளினார்கள். 1984-ல் வீடியோவுக்கும் தணிக்கைச் சட்டம் வந்தது.

இன்று படம் செல்போனில் வருகிறது. சட்டைப்பைக்குள் கொட்டகை!

பெற்றோர் துணையோடு பார்க்கவேண்டிய படங்களை 7, 13, 16 வயது என்று மூன்று வகையாக இந்திய அரசு 2024-ல் பிரித்தது. நல்லதுதான். ஆனால், சான்றிதழ் வயதைச் சொல்லும். குழந்தையின் பக்கத்தில் உட்காராது.

"பூதம் ஏன் அப்படிச் செய்தது?" என்று குழந்தை கேட்கும். பதில் சொல்ல அப்பாவோ அம்மாவோ அருகில் இருக்கவேண்டும்.

கத்தரிக்கோல் வெட்டும். பதில் சொல்லாது!