ஒன்று போல் தோன்றும் பூங்குருவிகள்

பறவையினத்தை அறிய நிறமே போதும் எனக் கருதுவோர் பலர். எம் மலைநாட்டுப் பூங்குருவிகள் அக்கருத்தை மறுக்கின்றன.

கருப்புப் பூங்குருவி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஓரினம். மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபாகத்து ஆண் பறவை கருந்தொப்பியும் நரைத்த பழுப்பு மேனியும் உடையது. எம் மலைநாட்டு ஆணோ உடல் முழுதும் கருமை. இடம் மாற உடை மாறிற்று, இனம் மாறவில்லை.

இதற்கு மறுதலையும் உண்டு. 1872 இல் ஹோல்ட்ஸ்வர்த் என்பார் விவரித்த, இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பூங்குருவியின் ஆணும் கரியதே. ஆயின் இன்றைய அறிஞர் அதனை ஈப்பிடிப்பான் குடும்பத்திற் சேர்ப்பர். குடும்பம் வேறு, தோற்றம் ஒன்று.

வேற்றுமை காண்பது எங்ஙனம்? அலகை நோக்குக. கருப்புப் பூங்குருவிக்கு அலகும் கண்வளையமும் செம்மஞ்சள். சீழ்க்கைப் பூங்குருவிக்கு அலகு கருமை. தோளில் நீலத் திட்டு ஒளிரும். முன்னது வீட்டுத் தோட்டத்திலும் உலாவும். பின்னது அடர்ந்த மலைக்காட்டு நீரோடையை நாடி வாழும். இவ்வாறே, கினிகத்தேனை போன்ற மழைமிகு பகுதிகளின் காடுகளில் மார்பிற் புள்ளியுள்ள பூங்குருவியைக் காணின் சிறகை நோக்குக. இரு வரிசை வெண்புள்ளி உளதேல் அது புள்ளிச்சிறைப் பூங்குருவி. இலதேல், உடலெங்கும் செதில் வரியுடைய செதிற் பூங்குருவியாகலாம்.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. எம் முன்னோர் காடு திருத்திக் காப்பியும் தேயிலையும் நட்ட மலைகள் இவை. காடு குறையவே சீழ்க்கைப் பூங்குருவியும் அழியும் நிலையை அடைந்துள்ளது. தோட்டத்துக் கரிய குருவியை அதுவென மயங்கின், அவ்வினம் பெருகியுளது என்று வாளாவிருப்போம். எஞ்சிய ஓடைக்காடும் கைநழுவும். ஆதலின் மாணாக்கர் அலகையும் சிறகையும் வாழிடத்தையும் ஒருங்கே நோக்கிய பின்னரே பெயர் கூறுவாராக. சரியாக அறிந்ததையே சரியாகக் காத்தல் கூடும்.